சாதாரணக் கட்டிதான், ஆனாலும் ஆபரேஷன்: மார்புக் கட்டி பயத்தைச் சமாளிப்பது எப்படி

"கேன்சர் இல்லம்மா, சாதாரணக் கட்டிதான். ஆனா எடுத்துடலாம்." டாக்டர் இப்படிச் சொன்னால் பலருக்கு முதல் வாக்கியம் காதில் ஏறுவதே இல்லை. சாதாரணம் என்றால் ஏன் எடுக்க வேண்டும், எதையோ மறைக்கிறார்களோ என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி கோரிமேட்டிலிருந்தோ கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்தோ பஸ் ஏறினால், வீடு வந்து சேர்வதற்குள் மனம் எங்கெங்கோ போய்விடும்.

அந்த நேரத்தில் பயம் ஒரே பாரமாகத் தெரியும். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஐந்தாறு தனித்தனி பயங்கள் இருக்கும்: கேன்சராக இருக்குமோ, மயக்கம் தெளியாமல் போய்விடுமோ, தழும்பு விழுமோ, கல்யாணம் தட்டிப்போகுமோ, பால் கொடுக்க முடியாதோ, பணத்துக்கு எங்கே போவது. ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்த ஆள் வேறு. மயக்கத்தைப் பற்றி மயக்க மருந்து டாக்டரைக் கேட்க வேண்டும், தழும்பைப் பற்றி அறுவை டாக்டரை, செலவைப் பற்றி காப்பீட்டு மேசையை. பக்கத்து வீட்டு அக்கா இதில் எதற்கும் ஆள் இல்லை.

முதலில் ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள்

மார்புக் கட்டியை ஒரே சோதனையை வைத்து முடிவு செய்வதில்லை. டாக்டர் கையால் பார்ப்பது, ஸ்கேன், ஊசி டெஸ்ட் அல்லது சதை டெஸ்ட் (பயாப்ஸி) ஆகிய மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். வயது 40க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். அதற்கு மேல் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சேரும். சின்ன வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி சரியாகத் தெரியாது. உங்களுக்கு மேமோகிராம் எழுதவில்லை என்பதற்காகப் பதற வேண்டாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரிகளில் பை-ராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 2 என்றால் சாதாரணம். 3 என்றால் பெரும்பாலும் சாதாரணம். கேன்சராக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. 4, 5 என்றால் சதை டெஸ்ட் கட்டாயம். 0 என்று பார்த்தால் பலர் நடுங்கிப்போகிறார்கள். அதற்கு அர்த்தம், இந்தப் படம் மட்டும் போதாது, இன்னொரு படம் வேண்டும் என்பதே. மெல்லிய ஊசி டெஸ்ட்டில் சி2 என்றால் சாதாரணம். சி1 என்றால் ஊசியில் வந்த செல்கள் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று பொருள். சி1 ஒரு கெட்ட செய்தி இல்லை.

பெயர் ஃபைப்ரோஅடினோமா என்று இருந்தால், அது 15 முதல் 35 வயது வரையுள்ள பெண்களுக்கு மிகச் சாதாரணமாக வரும் நார்க்கட்டி. ரப்பர் கோலி மாதிரி வழவழப்பாக, விரலுக்கடியில் நழுவி ஓடும். சாதாரண வகை கேன்சராக மாறுவது மிக மிக அரிது.

அப்படியானால் ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்? கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கலாம், சில மாதத்திலேயே வளர்ந்திருக்கலாம், வலிக்கலாம், ஸ்கேன் ஒன்று சொல்ல ஊசி வேறொன்று சொல்லியிருக்கலாம். இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. ஃபிலோடஸ் என்று ஒரு வகைக் கட்டி பார்க்க ஃபைப்ரோஅடினோமா போலவே இருக்கும். அதிலும் பெரும்பாலானவை சாதாரணமானவைதான், ஆனால் வேகமாக வளரும், திரும்பவும் வரக்கூடும். ஊசியில் வரும் துளிச் சதையில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். முழுக் கட்டியைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே டாக்டரிடம் ஒரே கேள்வியை நேராகக் கேளுங்கள்: "இதில் எந்தக் காரணத்துக்காக என் கட்டியை எடுக்கிறீர்கள்?" காரணம் தெரிந்துவிட்டால் பாதி இரவு தூக்கம் திரும்பும். "எடுக்காமல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கலாமா?" என்று கேட்பதிலும் தவறில்லை. சிலருக்கு அது முடியும், சிலருக்கு முடியாது.

"கத்தி பட்டா பரவிடும்"

நம் பக்கத்தில் அதிகம் தீங்கு செய்யும் வார்த்தை இது. சாதாரணக் கட்டிக்குப் பரவும் தன்மையே கிடையாது, கத்தி பட்டாலும் ஊசி பட்டாலும். இந்தப் பேச்சு வந்த வழி புரிந்துகொள்ளக்கூடியதுதான்: கேன்சரைப் பயத்தில் ஒளித்து வைத்து, முற்றிய பிறகு ஆபரேஷனுக்குப் போனவர்கள் இறந்தார்கள். பழி கத்தி மேல் விழுந்தது, தாமதத்தின் மேல் விழவில்லை. இதை நம்பி நாட்டுக்கட்டு, சூடு, எண்ணெய்ப் பற்று என்று போனால் தோல் வெந்து புண்ணாகும், அடுத்த ஸ்கேனும் குழம்பும்.

ஊசி, ரத்தம் என்றாலே மயங்கி விழுபவர்கள் இதைப் பழகுங்கள்: தொடை, வயிறு, ஊசி போடாத கை எல்லாவற்றையும் 10 முதல் 15 விநாடி இறுக்குங்கள், பிறகு உடம்பைத் துவளவிடாமல் சாதாரண நிலைக்குக் கொண்டுவாருங்கள், அரை நிமிடம் கழித்து மறுபடி. ஐந்து தடவை. ரத்த அழுத்தம் சட்டென இறங்குவதால்தான் மயக்கம் வருகிறது, தசையை இறுக்கினால் அழுத்தம் ஏறும். படுத்தபடி ஊசி போடச் சொல்லியும் கேட்கலாம். சதை டெஸ்ட்டில் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு, ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் "டக்" என்று சத்தம் வரும். சத்தத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் உடம்பு தூக்கிப்போடாது.

ராத்திரியில் வரும் பயம்

பகலில் வேலை இருக்கிறது. 11 மணிக்கு மேல்தான் கை தானாகக் கட்டியைத் தேடும். அழுத்தி அழுத்திப் பார்த்தால் அந்த இடம் வீங்கி வலிக்கும், வலித்ததும் "பெரிசாயிடுச்சு" என்று தோன்றும். தேதி குறித்தாகிவிட்டது என்றால் கட்டியைத் தொட்டுப் பார்க்கும் வேலை உங்களுடையது இல்லை. மாதவிலக்குக்கு முந்தின வாரத்தில் மார்பு இயல்பாகவே கனத்து வலிக்கும், அதையும் கட்டியின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் 5 மணிக்கு 20 நிமிடம், நோட்டும் பேனாவுமாக. அந்த நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பயப்படலாம், அழலாம், எழுதலாம். ராத்திரி வரும் கவலையை "நாளைக்கு 5 மணிக்கு" என்று ஒரு வரி எழுதி மூடுங்கள். முதல் மூன்று நாள் இது வேலை செய்யாததுபோல் இருக்கும், விடாதீர்கள். படுக்கையில் போனில் கட்டியைப் பற்றித் தேடுவதை அறவே நிறுத்துங்கள். வரும் படங்கள் முற்றிய நோயின் படங்களாகவே இருக்கும், உங்கள் ரிப்போர்ட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

நெஞ்சு படபடத்து, கை சில்லிட்டு, மூச்சு முட்டினால்: மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுங்கள், உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள், 5 நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், அதுதான் இதயத் துடிப்பை இறக்கும். பொதுவாக இந்தப் படபடப்பு 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கிவிடும். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று ஒருமுறை தோன்றினாலோ 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல எண், தமிழில் பேசலாம்.

யாரிடம் சொல்வது என்பது தனிச் சிக்கல். கல்யாணம் ஆகாத பெண் என்றால் "வெளியே தெரிஞ்சா சம்பந்தம் வராது" என்று அம்மாவே மறைக்கச் சொல்வார். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூட வர ஒருவர், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என இரண்டு பேருக்காவது முழு விவரமும் தெரிய வேண்டும். அம்மாவையும் ஒருமுறை டாக்டர் அறைக்குள் கூட்டிப்போங்கள். "அம்மா, சாதாரணக் கட்டின்னு டாக்டரே சொல்றாங்க, கேளும்மா" என்றால் அங்கேயே முடிந்துவிடும். தழும்பு காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்திலோ மார்பின் அடிமடிப்பிலோ மறையும்படி வெட்ட முடியுமா என்று கேளுங்கள். பின்னால் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கருவட்டத்தின் ஓரம் வெட்டினால் சில பால்குழாய்கள் அறுபடலாம், எங்கே வெட்டுவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்வார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பால் கொடுப்பதில் தடை வருவதில்லை.

செலவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை இருந்து, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். புதுச்சேரி வேறு நிர்வாகம், ஆகவே அங்கே இந்தக் காப்பீடு செல்லுமா என்பதைத் தேதி வாங்கும் முன் கேளுங்கள். புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போவதென்றால் பழைய ரிப்போர்ட், ஸ்கேன் படம், ஊசி டெஸ்ட் கண்ணாடித் தகடு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். தகடு இருந்தால் அதையே மறுபடி பார்த்துச் சொல்ல முடியும், பல நேரம் இரண்டாவது ஊசி மிச்சமாகும்.

முந்தின நாளும் அன்று காலையும்

மயக்க மருந்து டாக்டர் முன்னதாகவே உங்களைப் பார்ப்பார். ஆஸ்துமா, ஆடும் பல், மருந்து ஒவ்வாமை, முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த வாந்தி, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆபரேஷன் முடியும்வரை அவர் தலைமாட்டிலேயே இருந்து மூச்சையும் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருப்பார். மயக்கம் தெளியாதோ என்ற பயத்தை அவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை; உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுவே கணக்கு. பால் விட்ட காப்பி சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். "ஒரு வாய் காப்பிதானே" என்று குடித்து ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் ஏராளம். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. சர்க்கரை, பி.பி. மாத்திரைகளில் எதைப் போடலாம், எதை விடலாம் என்று முன்னாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதவிலக்கு அன்றே வந்தால் நர்ஸிடம் சொன்னால் போதும். தள்ளிப்போடும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

பல பெண்கள் உடைந்துபோகும் இடம் ஒன்று உண்டு, தாலியைக் கழற்றச் சொல்லும் நேரம். ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள்; உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுடக்கூடும். கழுத்தில் கிடப்பது வெட்டும் இடத்துக்கும் பக்கம். கடைசி நிமிடத்தில் தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு கழற்றுவதுதான் மனதை ஆட்டிவிடும். இரண்டு நாள் முன்பே வீட்டில் பேசுங்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து, ஆபரேஷன் நடக்காத பக்கத்துக் கையில் கட்டிக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். உலோகம் இல்லை என்பதால் பெரும்பாலும் சரி என்பார்கள். தாலியைப் பையில் போடாமல் மாமியார் கையிலோ அம்மா கையிலோ கொடுத்துவிட்டுப் போங்கள். இறுகிய மெட்டியை முந்தின இரவே சோப்பு நீர் தடவிக் கழற்றுங்கள். வருஷக்கணக்கில் கழற்றாத மூக்குத்தித் திருகுக்கு ஆசாரியிடம்தான் போக வேண்டும். நகப்பூச்சும் விரல் மருதாணியும் வேண்டாம். விரல் நுனியில் மாட்டும் கிளிப் ஒளியை வைத்துத்தான் ஆக்ஸிஜனை அளக்கிறது.

முன்பக்கம் திறக்கும் நைட்டி, கம்பி இல்லாத பருத்தி பிரா, ஒரு சின்னத் தலையணை எடுத்துவையுங்கள். திரும்பும்போது ஆட்டோ குலுங்கினால் மார்போடு தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆபரேஷன் முடிந்தபின்

பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்புவார்கள். எடுத்த கட்டியை ஃபார்மலின் (சதை கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றிய டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். சிறிய நர்சிங் ஹோம்களில் டப்பாவைக் கூட வந்தவர் கையிலேயே கொடுப்பதுண்டு. பெயர், வயது, வலதா இடதா எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திறக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, "சாதாரணக் கட்டிதானே" என்று அனுப்பாமல் விடவே கூடாது. கட்டியைப் பற்றிய கடைசி வார்த்தை அந்த ரிப்போர்ட்தான். பொதுவாக 7 முதல் 10 நாளில் வரும். ஃபிலோடஸ் என்று வந்தால் சுற்றியுள்ள கொஞ்சம் சதையையும் எடுக்க இன்னொரு சிறு ஆபரேஷன் தேவைப்படலாம். அது சிகிச்சையின் அடுத்த படி, கைமீறிப்போனதன் அடையாளம் இல்லை.

டிரெஸ்ஸிங்கை முதல் 48 மணி நேரம் நனைக்க வேண்டாம். பிராவைத் தூங்கும்போதும் போட்டிருங்கள். தொங்கி இழுக்காமல் இருந்தாலே பாதி வலி குறையும். வலிக்கு எழுதிக்கொடுத்த பாராசிட்டமாலைக் குறித்த இடைவெளியில் போடுங்கள், வலி உச்சிக்கு ஏறும்வரை பொறுக்க வேண்டாம். தண்ணீர்க்குடம், சிலிண்டர், ஈரத்துணி முறுக்கல், கிரைண்டர் கல் தூக்குவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். ஆனால் கையை மடக்கியே வைக்காதீர்கள், மறுநாளே மெல்லத் தோள் உயரம்வரை தூக்கலாம். காயத்தில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். பத்தியமும் வேண்டாம், மீன், முட்டை, பருப்பு சாப்பிட்டால் புண் ஆறத்தான் செய்யும்.

நீலம் பாரித்து மஞ்சளாக இறங்குவது, மரத்துப்போன தோல், சுருக்கென்ற குத்தல், அரிப்பு எல்லாம் இயல்பு. சில மணி நேரத்தில் மார்பு கல்போல வீங்கினால், டிரெஸ்ஸிங் ரத்தத்தில் தோய்ந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், சீழ் வந்தால், சிவப்பு பரவிக்கொண்டே போனால் அன்றே, ராத்திரியானாலும், போக வேண்டும்.

சில வாரம் கழித்துத் தழும்புக்கடியில் கை பட்டால் கெட்டியாக ஏதோ தட்டும். மறுபடி கட்டி வந்துவிட்டது என்று பழைய பயம் அப்படியே திரும்பும். பெரும்பாலும் அது ஆறும் சதையின் தடிப்பு, அல்லது எடுத்த இடத்தில் தேங்கிய நீர், போகப்போக இளகும். மூன்று மாதத்துக்குப் பிறகும் இளகவில்லை, அல்லது பெரிதாகிக்கொண்டே போகிறது என்றால் ஆபரேஷன் ரிப்போர்ட்டையும் லேப் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.