லோகோவை ஃபான்ட் ஆக்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

என்னிடம் டிடிபி பழக வரும் பிள்ளைகளுக்குப் பல வண்ண லோகோவைப் படமாக ஒட்டாமல் ஃபான்ட்டாகவே செய்துவிட ஆசை. நல்ல ஆசைதான். லோகோவின் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி எழுத்தாக வரைந்து ஆங்கில ஏ, பி, சி இடங்களில் வைத்து, முதல் இரண்டும் வரியில் பிடிக்கும் அகலத்தைச் சுழியாக்கிவிட்டால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வேர்டில் மூன்றெழுத்தைத் தட்டி ஆளுக்கொரு நிறம் கொடுத்தால் போதும், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. ஆனால் நான் அன்று செய்த அதே தவறுகளை இவர்களும் செய்கிறார்கள். கண்ணுக்கே தெரிகிற சின்னத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ஃபான்ட்டைக் கோப்புக்குள் பதிக்காமல் அனுப்புவது

ஒரு பள்ளிக்கு லெட்டர்ஹெட் செய்து கொடுத்தேன். மஞ்சள் சுடர், சிவப்பு அகல், சுற்றிலும் பச்சை வளையம். வேர்ட் கோப்பை மட்டும் மெயிலில் அனுப்பினேன். அவர்கள் பெற்றோருக்கான சுற்றறிக்கையை அதில் அடித்து 600 பிரதி எடுத்துவிட்டார்கள். சுடர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஓர் ஏ, பக்கத்தில் சிவப்பாக பி, பச்சையாக சி. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த கடிதத்தைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுமே, அதே கதை. மறு அச்சுக்கு என் கைக்காசு போனது.

சரி என்று வேர்ட் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய், எழுத்துருவைக் கோப்பில் பதிக்கும் பெட்டியை டிக் செய்து திரும்ப அனுப்பினேன். அப்போதும் அதே ஏ, பி, சி! கோளாறு ஃபான்ட்டுக்குள்ளேயே இருந்தது. ஃபான்ட் பற்றிய விவரங்கள் இருக்கும் அதன் ஓஎஸ்/2 அட்டவணையில் எஃப்எஸ்டைப் என்று ஓர் எண் உண்டு. அது 2 என்றிருந்தால் பதிக்க அனுமதி இல்லை என்று பொருள். என் வேர்ட் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டது. நீங்களே வரைந்த ஃபான்ட் என்றால் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் வரையும் மென்பொருளில் அதை 0 ஆக்குங்கள். அப்புறம், டிடிஎஃப் வகைக் கோப்பாகவே வெளியிடுங்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் முறை வளைவுகள் உள்ள ஓடிஎஃப் வகை ஃபான்ட்டை நம்பி வேர்டில் பதிக்க முடியாது.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதனால்தான்: செய்தவரின் கணினியில் ஃபான்ட் ஏற்கெனவே இருப்பதால் தவறு அவர் கண்ணில் படவே படாது. அனுப்புமுன் ஃபான்ட்டை நீக்கிவிட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. யாரும் திருத்தத் தேவையில்லாத கடிதம் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

ஓரத்தோடு ஓரம் ஒட்டி வரைவது

சுடரும் அகலும் ஒரே கோட்டில் தொட்டால் நடுவே மயிரிழையாக வெள்ளை தெரியும். அடியில் இருப்பதைச் சற்று நீட்டி மேலே வருவதன் கீழ் செருகுங்கள். அச்சகத்தில் இதைத்தான் ட்ராப்பிங் என்பார்கள்.

ஆங்கிலச் சின்ன எழுத்தில் மட்டும் வரைவது

வரியின் முதலெழுத்தை வேர்ட் தானாகவே பெரிய ஏ ஆக்கிவிடும், சுடர் காணாமல் போகும். பெரிய எழுத்திலும் அதே உருவத்தை வையுங்கள்.

ஃபான்ட்டுக்குள்ளேயே நிறம் வைப்பது

வேண்டாம். பழைய வேர்டில் கறுப்பாகத்தான் வரும்.