பழைய நியோவில் தமிழ் எழுதுவது எப்படி?

கதை எழுத நான் வைத்திருப்பது ஆல்ஃபாஸ்மார்ட் நியோ. கீபோர்டும் சின்னத் திரையும் ஒன்றாகச் சேர்ந்த, தட்டச்சு செய்து சேமிக்கும் கருவி. 2004-இல் அமெரிக்காவில் வந்தது. 2013-இல் உற்பத்தி நின்றுவிட்டதால் பழையதுதான் கிடைக்கும். வாங்கும்போது பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். கம்பிச்சுருளில் பச்சை படிந்திருந்தால் வேண்டாம். ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்ப்பதும் அவசியம்.

மூன்று ஏஏ பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் ஓடும். எட்டுக் கோப்புகள் உண்டு. அடிக்க அடிக்கத் தானாகச் சேமிக்கும். இணையம் கிடையாது, அதுதான் எனக்கு வேண்டியது.

சரி, தமிழ்? திரையில் தமிழ் தெரியாது. நான் "அம்மா வந்தாள்" என்பதை ஆங்கில எழுத்தில், ஒலிப்படி அடித்துக்கொண்டே போவேன். அப்புறம் பிரிண்டருக்குப் போடும் சதுரமுனை யுஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்து, வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து, தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நியோவில் 'சென்ட்' அழுத்த வேண்டும். கணினிக்கு அது இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து வந்து தமிழாக மாறும். அதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. முதலில் ஒரு பத்தியை மட்டும் அனுப்பிச் சோதியுங்கள். ல, ள, ழ குழப்பங்களைக் கணினியில் திருத்திக்கொள்ளலாம். நியோவில் எழுதும்போது நிற்காதீர்கள்.