மாற்றுத்திறனாளி கோட்டால எக்ஸாம் எழுதுறவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புகள்

போன வாரம் நைட் பத்தரை மணிக்கு ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணே, நாளைக்கு எக்ஸாம், ஹால்ல போய் கேட்டா ஸ்க்ரைப் தருவாங்கல்ல?" ஸ்க்ரைப்னா நாம பதில் சொல்லச் சொல்ல நமக்காக எழுதுறவர். அப்ளிகேஷன்ல என்ன போட்டேன்னு கேட்டேன். "வேணாம்னு போட்டுட்டேண்ணே, வேணும்னு போட்டா செலக்‌ஷன்ல கழிச்சு விட்டுருவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு." எனக்கு அன்னைக்கு தூக்கமே வரல, ஏன்னா இதே தப்ப நானும் பண்ணிருக்கேன். போட்டோ சைஸ், கையெழுத்து ஸ்கேன் இதெல்லாம் எல்லாரும் சொல்லிட்டாங்க, அத விட்டுடுறேன்.

ஸ்க்ரைப் வேணாம்னு டிக் பண்றது

எனக்கு பிரசவத்தப்பவே தோள் நரம்பு இழுபட்டு வலது கைல பலம் கம்மி. எழுத வரும், ஆனா ரெண்டு பக்கம் தாண்டினா விரல் மடங்கிக்கும், பேனா நிக்காது. ஒரு மத்திய அரசு எக்ஸாம்ல, மூணு மணி நேர பேப்பர், ஸ்க்ரைப் கேட்டா பலவீனமா நினைச்சுருவாங்கன்னு "இல்லை"ன்னு போட்டேன். கடைசி மூணு கேள்வி, பதில் அத்தனையும் மனசுல ஓடுது, கை வரல, பேப்பர வெள்ளையா கட்டிக் கொடுத்துட்டு வந்தேன். நடுவுல மேற்பார்வையாளர கெஞ்சிப் பார்த்தேன், ஹால் டிக்கெட்ல ஸ்க்ரைப்னு இல்லையேப்பான்னுட்டார். அவர் மேல தப்பில்ல.

2018 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல், ஸ்க்ரைப் வாங்குறவங்களுக்கு மணிக்கு குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதல் நேரம் கொடுக்கணும்னு சொல்லுச்சு. அதாவது மூணு மணி நேர பேப்பர்னா முழுசா ஒரு மணி நேரம். அத நான் என் கையாலேயே தள்ளி விட்டேன்.

இதுல இன்னொரு குழி இருக்கு, இங்கதான் நிறைய பேர் விழுறாங்க. அந்த 2018 வழிகாட்டுதல்படி பார்வையின்மை, ரெண்டு கையும் பாதிப்பு, செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்) இந்த மூணுக்கும் கேட்டாலே ஸ்க்ரைப் தரணும். ஆனா என்னை மாதிரி ஒரு கை மட்டும்னா ஊனச் சான்றிதழ் மட்டும் பத்தாது, "இவரால எழுத முடியாது, ஸ்க்ரைப் அவசியம்"னு அரசு மருத்துவமனைல தலைமை மருத்துவ அதிகாரியோ கண்காணிப்பாளரோ கையெழுத்து போட்ட தனி படிவம் வேணும், அந்த படிவம் நோட்டிஃபிகேஷனோட கடைசி பக்கங்கள்ல இருக்கும், அந்தப் பக்கத்த யாருமே திறக்கறதில்ல. அதுக்கு ஜி.எச்.சுக்கு ரெண்டு மூணு தடவை அலைய வேண்டி வரும், எக்ஸாமுக்கு நாலு நாள் முன்னாடி போய் நின்னா நடக்காது. அப்ளை பண்ற அன்னைக்கே ஆரம்பிங்க. சொந்த ஸ்க்ரைப் கூட்டிட்டு போக நினைக்கிறவங்க, அதுக்கு அனுமதி இருக்கா, அவரோட படிப்பு என்ன இருக்கணும்னு அந்தந்த நோட்டிஃபிகேஷன்லயே பாருங்க, போன எக்ஸாம்ல இருந்த விதிய நம்பாதீங்க.

ஸ்க்ரைப் கேட்டதுக்காக யாரையும் கழிக்க முடியாதுங்க. அது சலுகை இல்ல, உரிமை. தம்பிங்களா தயவுசெஞ்சு கேளுங்க.

ஊனம் 40 சதவீதத்துக்கு கீழன்னா ஒண்ணுமே இல்லன்னு நினைக்கிறது

இடஒதுக்கீடு கிடையாது, உண்மை. ஆனா எழுத நிஜமாவே முடியலன்னா ஸ்க்ரைப் கேட்கலாம். ஸ்க்ரைப் கேட்டு விகாஷ் குமார்ங்கறவர் போட்ட வழக்குல 2021 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, 2022ல இதுக்குன்னே தனி வழிகாட்டுதலும் வந்துருச்சு.

பி.சி.யா, மாற்றுத்திறனாளியான்னு குழம்புறது

ரெண்டையும் போடணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 4 சதவீதம் குறுக்கு ஒதுக்கீடு, எல்லா சாதிப் பிரிவுக்குள்ளயும் ஊடுருவிப் போகும். நீங்க செலக்ட் ஆனா உங்க கம்யூனிட்டி இடத்துலயே கணக்கு வைப்பாங்க. ஒண்ண போட்டா இன்னொண்ணு போயிடும்னு பயந்து ஒரு பொண்ணு மூணு எக்ஸாமுக்கு வெறும் எம்.பி.சி.ன்னு மட்டும் போட்டு எழுதிருக்கு, கேட்டப்போ மனசு ஆறவே இல்ல.

போஸ்ட்டு நமக்கு ஒதுக்கினதான்னு பாக்காம விடுறது

அந்த 4 சதவீதமும் பிரிஞ்சுதான் இருக்கு. பார்வைக்கு 1, காதுக்கு 1, கை கால் பாதிப்பு, குள்ளத்தன்மை, ஆசிட் வீச்சு இதெல்லாம் சேர்ந்து 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை பாதிப்பு எல்லாம் சேர்ந்து 1. ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் நேரா ஓ.ஏ., ஓ.எல்., எச்.எச்.னு சுருக்கெழுத்து போட்டு ஒரு அட்டவணை இருக்கும். ஓ.ஏ.ன்னா ஒரு கை, ஓ.எல்.ன்னா ஒரு கால், எச்.எச்.ன்னா காது கேட்குறதுல குறைபாடு. உங்க பாதிப்புக்கான சுருக்கம் அந்த வரிசைல இல்லன்னா எவ்ளோ மார்க் எடுத்தாலும் சான்றிதழ் சரிபார்ப்புல நிறுத்திருவாங்க. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே இத பாத்துருங்க.

தற்காலிக சான்றிதழ்

உங்க ஊனச் சான்றிதழ் தற்காலிகமானதுன்னா, அதோட காலாவதி தேதிய இப்பவே எடுத்துப் பாருங்க.