கை வரைய வரவில்லையா? இடைவெளியை வரையுங்கள்

'இது கை, இது கால்' என்று நினைத்துக்கொண்டே வரைந்தால், மனசில் பதிந்த கைதான் தாளில் வரும். எதிரே இருப்பது வராது. அதனால் உருவத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை முதலில் வரையுங்கள்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராஜர் வெண்கலச் சிலை இதற்கு அருமையான பாடம். தூக்கிய காலுக்கும் ஊன்றிய காலுக்கும் நடுவே கோணமாக ஒரு வெற்றிடம் தெரியும். மேல் கைகளுக்கும் தலைக்கும் இடையிலும் அப்படித்தான். அந்த வெற்றிடங்களை மட்டும் 2பி பென்சிலால் லேசாகக் கோடிடுங்கள். உடலின் வளைவு தானாக வந்து நிற்கும், பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

அப்புறம், ரப்பர் வேண்டாம். அழிக்க ஆரம்பித்தால் பார்ப்பது நின்றுவிடும்.

வீட்டுக்கு அலமாரி செய்யும்போதும் இதே முறைதான். கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவிலுள்ள சுவரை வரைந்து, அளவு எழுதி, தச்சரிடம் கொடுங்கள்.