கண்ணாடி இழை மேட்டின் வலுவைக் கூட்டுவது எப்படி? முதல் தாள் முதல் முறிந்த ஓரம் வரை

கூரைமேல் ஓடுபோல வேயும் தார்த் தகடான ஆஸ்பால்ட் ஷிங்கிள் ஒன்றின் ஓரத்தை மெதுவாகப் பிய்த்துப் பாருங்கள். கறுப்புத் தாருக்கு நடுவே வெள்ளை மயிர்போல இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் கண்ணாடி இழை மேட் (mat), அதாவது இழைகளாலான மெல்லிய விரிப்பு. ஷிங்கிளின் எடையில் அதன் பங்கு மிகச் சிறிது. ஆனால் காற்று தூக்கும்போது ஷிங்கிளைக் கிழிய விடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஜிப்சம் பலகையின் மேல்தோலாகவும், வினைல் தரைவிரிப்பு சுருங்காமல் காக்கும் நடு அடுக்காகவும் இதே மேட்தான் வேலை செய்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி: "இன்னும் வலுவான கண்ணாடி வாங்கினால் மேட் வலுவாகிவிடுமா?" ஆகாது. ஈ-கிளாஸ் என்பது இந்த மேட்டுக்குப் பயன்படும் கண்ணாடி வகை. புதிதாக இழுத்த ஈ-கிளாஸ் இழை ஏறக்குறைய 3400 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கும். கட்டடக் கம்பியைவிட இது பல மடங்கு. ஆனாலும் அதே இழைகளால் ஆன மேட்டைக் கையாலேயே கிழித்துவிடலாம். காரணம், இழைகள் நெய்யப்படவில்லை; குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவை தொட்டுக்கொள்ளும் இடங்களில் பைண்டர் என்ற பசை பிடித்திருக்கிறது. விட்டுப்போவது அந்தச் சந்திப்புகள்தான். ஆகவே நாம் கவனிக்கப்போவதும் அவற்றைத்தான். கையால் ஒரு தாள் செய்வோம், இழுத்துப் பார்ப்போம், முறிந்த ஓரத்தைப் படித்து அடுத்த தாளில் எதை மாற்றலாம் என்று முடிவெடுப்போம்.

தொடங்கும் முன்

கையுறை, முழுக்கைச் சட்டை, பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி, முகமூடி நான்கும் கட்டாயம். இழை தோலில் பட்டால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் உள்ளே குத்தும். குளிர்ந்த நீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். நாம் பைண்டராகப் பயன்படுத்தப்போகும் யூரியா ஃபார்மால்டிஹைடு ரெசின் சூட்டில் ஃபார்மால்டிஹைடு ஆவியை விடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. எனவே ஓவனின் புகை வெளியே போக வழி இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத அறையில் இதைச் செய்யவே வேண்டாம். சமையலுக்குப் பயன்படும் ஓவனையும் தொடாதீர்கள்.

இன்னொன்று, வாங்கும் இழை. நீரில் பிரிவதற்கென்றே தயாரித்த வெட்டிழை வேண்டும். கொஞ்சம் ஈரத்தோடுதான் பையில் வரும். படகு, தொட்டி வார்க்கப் பயன்படும் வெட்டிழை பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் அதன் மேற்பூச்சு நீரில் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் கற்றை கற்றையாகவே மிதக்கும். என் முதல் நாள் முழுவதும் அப்படித்தான் போனது. கலக்கும் முறையில்தான் தவறு என்று நினைத்து மாலை வரை கலக்கிக்கொண்டிருந்தேன்.

படி 1: எடைக் கணக்கு

தாள் 30 செ.மீ. × 30 செ.மீ., அதாவது 0.09 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 90 கிராம், அதில் 20 சதவீதம் பைண்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளுக்கு மொத்தம் 8.1 கிராம். இழை சுமார் 6.5 கிராம், பைண்டர் 1.6 கிராம். இழையை எடை போடும்போது அதன் ஈரத்தைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

30 மி.மீ. நீளமும் 14 மைக்ரான் தடிமனும் உள்ள இழையை எடுத்தால், அந்த 6.5 கிராமுக்குள் ஏறக்குறைய ஐந்தரை லட்சம் இழைகள் இருக்கும். தனித்தனியாகப் பிரிந்தால்தான் ஐந்தரை லட்சம். கற்றையாகக் கிடந்தால் சில ஆயிரம் தடித்த குச்சிகள்தான்.

படி 2: நீரில் பிரித்தல்

8 லிட்டர் நீர் எடுங்கள். வெறும் நீர் போதாது. இழை கண்ணாடி என்பதால் சட்டென்று கீழே இறங்கும், ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். நீரைக் கொஞ்சம் கெட்டியாக்க ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் தூளையும், இழைகளைப் பிரித்து வைக்க அமைன் ஆக்சைடு வகை பிரிப்பானையும் சேர்க்க வேண்டும். தூளை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டும். தூவித் தூவிக் கலக்கி, நீர் தெளிந்து வழவழப்பாகும் வரை காத்திருங்கள். விரலை முக்கி எடுத்தால் நீர் மெல்லிய இழையாக வழிய வேண்டும். அதன் பிறகுதான் கண்ணாடி இழை உள்ளே போகலாம்.

கலக்கும் விசிறியின் விளிம்பு மழுங்கியதாக இருக்கட்டும். பிரிட்டிஷ் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921இல் வெளிவந்த தம் ஆய்வில் காட்டியது இங்கே நேரடியாகப் பொருந்தும். கண்ணாடி முறிவது அதன் மேல் உள்ள நுண்ணிய கீறல்களிலிருந்துதான். கூரான விசிறியும் அளவுக்கு மீறிய வேகமும் இழையை நீரிலேயே கீறிவிடும். மூன்று, நான்கு நிமிடம் கலக்கி நிறுத்துங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பால்மேகம்போலச் சீராகத் தெரிந்தால் சரி. நடுவே வெள்ளைக் குச்சிகள் தெரிந்தால் இன்னும் ஒரு நிமிடம். கயிறுபோல முறுக்கிய சுருள்கள் தெரிந்தால் அளவுக்கு மேல் கலக்கியாயிற்று. அந்தச் சுருள் இனிப் பிரியாது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அடியில் கம்பி வலை பொருத்திய பெட்டிக்குள் இதை ஊற்றி, நீர் தளும்பல் அடங்கிய பிறகு கீழ்த் திறப்பைத் திறந்து விடுங்கள். வலைமேல் ஈரத் தாள் தங்கும்.

படி 3: பைண்டர்

முதல் தாளுக்கு வெறும் யூரியா ஃபார்மால்டிஹைடு போதும். அதுதான் நமது ஒப்பீட்டுத் தாள். இரண்டாவது தாளுக்கு அதோடு லேட்டக்ஸ் சேர்ப்போம்.

ரெசினைத் தனியாகச் சூடாக்கினால் அது சுருங்கிக்கொண்டே இறுகும், அந்தச் சுருக்கத்திலேயே நுண்விரிசல் விடும். நீரும் சூடும் சேர்ந்தால் அதன் வேதிப்பிணைப்புகள் மெல்ல உடையவும் செய்யும். ஸ்டைரீன் பியூட்டடையீன் அல்லது அக்ரிலிக் லேட்டக்ஸில் இருப்பவை ரப்பர்போன்ற மிகச் சிறு உருண்டைகள். அவை ரெசினுக்குள் பரவி உட்கார்ந்துகொண்டு, விரிசல் வந்தால் மேலே போகவிடாமல் மடக்குகின்றன.

கணக்கு இதோ. திடப்பொருள் 100 கிராம் வேண்டும், அதில் 90 பங்கு ரெசின், 10 பங்கு லேட்டக்ஸ். ரெசின் 60 சதவீதத் திடம் கொண்டதென்றால் 150 கிராம். லேட்டக்ஸ் 50 சதவீதம் என்றால் 20 கிராம். நீர் 330 கிராம். மொத்தம் 500 கிராம், 20 சதவீதத் திடம். உங்கள் டப்பாவில் எழுதியிருக்கும் சதவீதம் வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முழுவதையும் கலக்கும் முன் ஒரு சிறு சோதனை. ஒரு டம்ளரில் கொஞ்சம் ரெசினையும் லேட்டக்ஸையும் இதே விகிதத்தில் எடுத்து, ரெசினுக்கான வினையூக்கியோடு கலந்து அரை மணி நேரம் வையுங்கள். ரெசினை இறுக வைக்கும் வினையூக்கி அமிலத்தன்மை கொண்டது. சில லேட்டக்ஸ்களுக்கு அமிலம் ஆகாது. எலுமிச்சை பிழிந்த பால்போலத் திரிந்துவிடும். டம்ளரைச் சாய்த்தால் சுவரில் வெள்ளைத் திப்பிகள் ஒட்டியிருக்கும். அப்படித் திரிந்தால் அந்த ஜோடி வேண்டாம், வேறு லேட்டக்ஸ் தேடுங்கள்.

படி 4: ஊட்டி, உறிஞ்சி, சுடுதல்

ஈரத் தாளை வலையோடு பைண்டரில் முக்கி எடுத்து, அடியிலிருந்து உறிஞ்சுகுழாயால் மிச்சத்தை இழுத்துவிடுங்கள். எவ்வளவு தங்க வேண்டுமோ அது இந்த உறிஞ்சலில்தான் தீர்மானமாகிறது. கை வேகம் தாளுக்குத் தாள் மாறினால் எல்லா ஒப்பீடும் வீண். எனவே நொடி எண்ணி ஒரே வேகத்தில் நகர்த்திப் பழகுங்கள்.

பிறகு 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் மூன்று நிமிடம். வெளியே வரும் தாள் வெளிர்ந்த வைக்கோல் நிறத்தில், சுண்டினால் மொடமொடவென்று ஒலிக்க வேண்டும். பழுப்பேறினால் பைண்டர் கருகத் தொடங்கிவிட்டது, தாள் நொறுங்கும். வெள்ளையாகவே இருந்து, ஈரக் கையால் தொட்டால் பிசுபிசுத்தால் வேகவில்லை.

உண்மையில் எவ்வளவு பைண்டர் தங்கியது என்று அறிய ஒரே வழி எரித்துப் பார்ப்பது. 1 கிராம் துண்டை 625 டிகிரி உலையில் அரை மணி நேரம் வைத்தால் பைண்டர் எரிந்துபோகும், கண்ணாடி நிற்கும். மீதி 0.80 கிராம் என்றால் பைண்டர் 20 சதவீதம். இரண்டு தாள்களில் இந்த எண் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இல்லாவிட்டால், வலுவில் காணும் வேறுபாடு லேட்டக்ஸால் வந்ததா, கூடுதல் பசையால் வந்ததா என்று சொல்லவே முடியாது.

படி 5: இழுத்தல்

ஓரங்களை விட்டுவிட்டு 50 மி.மீ. அகலம், 200 மி.மீ. நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். பாதித் துண்டுகளை அப்படியே சோதிக்க வேண்டும். மீதியை 80 டிகிரி நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, ஒற்றி எடுத்து, ஈரத்தோடே சோதிக்க வேண்டும்.

இழுவிசை இயந்திரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரப்பர் ஒட்டிய இரண்டு மரச்சட்டங்களுக்கிடையே துண்டின் மேல்முனையை இறுக்கி, கீழ்முனையிலும் அப்படியே சட்டம் வைத்து ஒரு வாளியைத் தொங்கவிடுங்கள். மணலைச் சீரான வேகத்தில் ஊற்றுங்கள். அறுந்ததும் வாளியை எடை போடுங்கள். நல்ல துண்டு பல கிலோ தாங்கும், அதனால் வாளி தரைக்கு மிக அருகில் இருக்கட்டும், காலை எட்ட வையுங்கள். சட்டத்தின் வாயிலேயே அறுந்த துண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உலர்ந்தது சராசரி 20 கிலோ தாங்கி, ஊறியது 12 கிலோ தாங்கினால், ஈரத்தில் நிற்கும் வலு 60 சதவீதம். கட்டடப் பொருளுக்கு நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். உலர்ந்த எண் எவ்வளவு அழகாக இருந்தாலும், கூரை மழையில் நனையப்போகிறது. வேகாத தாளும் இந்தச் சோதனையில்தான் மாட்டிக்கொள்ளும்.

படி 6: முறிந்த ஓரத்தைப் படித்தல்

எண்களை எழுதிய பிறகு துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கறுப்புத் தாள்மேல் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். முறியாத பகுதியில், இழைகள் கடக்கும் இடங்களில் பைண்டர் வாத்தின் கால் விரலிடைச் சவ்வுபோலப் படர்ந்திருக்கும். முறிந்த ஓரத்தில் அந்தச் சவ்வுக்கு என்ன ஆனது என்பதுதான் கேள்வி.

நீட்டி நிற்கும் இழைகள் மொழுமொழுவென்று, துடைத்த கண்ணாடிபோலப் பளிச்சிடுகின்றனவா? பைண்டர் கண்ணாடியைப் பிடிக்கவேயில்லை, உருவிக்கொண்டு வந்துவிட்டது. இங்கே சிலேன் உதவும். அமினோ சிலேனின் ஒரு முனை கண்ணாடியோடு பிணையும், மறு முனை ரெசினோடு. இழைத் தயாரிப்பாளர்கள் மேற்பூச்சிலேயே பெரும்பாலும் சிலேன் வைத்திருப்பார்கள். ஆகவே நீங்கள் சேர்ப்பது கைத்துணைதான். 100 கிராம் திடத்துக்கு 0.2 கிராமில் தொடங்குங்கள், முதலில் நீரில் கலந்து அப்புறம் பைண்டரில் விடுங்கள். ஊறிய துண்டுகளின் எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

இழைமேல் வெள்ளைத் துணுக்குகள் உடைந்த ஓடுபோல ஒட்டியிருக்கின்றனவா? பிடிப்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பைண்டர்தான் நடுவே வெடித்திருக்கிறது. லேட்டக்ஸைக் கூட்டுங்கள். 5, 10, 15 சதவீதம் என்று மூன்று தாள் செய்யலாம். அதற்கு மேல் ஏற்ற அவசரப்பட வேண்டாம். ஷிங்கிள் ஆலையில் இந்த மேட்டின்மேல் கொதிக்கும் தார் ஓடும். ரப்பர் மிகுந்தால் அந்தச் சூட்டில் இளகி நீண்டுவிடும்.

நடுவே தடித்த கற்றை ஒன்று முழுதாக உருவி வந்திருந்தால், பைண்டரில் எதையும் மாற்றாதீர்கள். இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

ஓரம் கத்தரியால் வெட்டியதுபோல நேராக, இழை எதுவும் நீட்டாமல் இருந்தால்? பலர் இதைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அன்றைக்கு இழுவிசை எண் உயர்ந்திருக்கும். அதே தாளில் கத்தரியால் ஒரு சிறு வெட்டுப் போட்டு, அந்த வெட்டிலிருந்து கிழித்துப் பாருங்கள். சரசரவென்று போய்விடும். பைண்டர் மிகுந்து இழைகள் அசையவே இடமில்லாதபோது, விசை முழுவதும் வெட்டின் முனையில் இருக்கும் ஒன்றிரண்டு இழைகள்மேல் விழுகிறது. அவை அறும், அடுத்தவை அறும். பைண்டர் அளவோடு இருந்தால் இழைகள் கொஞ்சம் நழுவி, உருவிக்கொண்டு, சுமையைப் பக்கத்து இழைகளுக்குப் பகிரும். இழுவலுவும் கிழிவலுவும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். ஆணி அடித்து மாட்டும் ஷிங்கிளுக்குக் கிழிவலு உயிர்நாடி. ஆணித்துளை என்பது நாமே போடும் வெட்டு அல்லவா! கிழிவலுவை அளக்க எல்மென்டார்ஃப் ஊசல் கருவி உண்டு. நீண்ட இழைக்கு மாறினால் கிழிவலு கூடும், ஆனால் நீரில் பிரிப்பது கடினமாகும்.

சிமென்ட் பலகைக்கு மட்டும் ஒரு வார்த்தை

மேலே சொன்னவை தார், ஜிப்சம், வினைல் போன்றவற்றுக்கு. சிமென்டின் காரம் ஈ-கிளாஸையே அரிக்கும். பைண்டரை எவ்வளவு மேம்படுத்தினாலும் நிற்காது. அதற்கு சிர்கோனியா சேர்த்த காரம் தாங்கும் கண்ணாடி வேண்டும். 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையத்தில் ஏ. ஜே. மஜும்தார் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது அது. சிமென்ட் வேலை என்றால் இழையை மாற்றுவதிலிருந்தே தொடங்குங்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரே ஒரு மாற்றம். பைண்டர் அளவு, லேட்டக்ஸ், சிலேன், ஓவன் நேரம் என்று இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் அந்தத் தாள் எதையும் சொல்லாது. முறிந்த துண்டுகளில் ஒன்றைத் தாள் எண், எரிப்பு எண், உலர்ந்த எடை, ஊறிய எடை ஆகியவற்றோடு நோட்டில் ஒட்டி வையுங்கள். ஒட்டும்போது ஓரத்தின்மேல் டேப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் லென்ஸோடு அங்கேதான் திரும்பி வருவீர்கள்.