மஞ்சள் விளக்கு எரியும்போது என்ன செய்ய வேண்டும்?

சிக்னலில் மஞ்சள் எரிந்ததும் பலர் வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஆனால் இந்தியச் சாலை விதிகளின்படி அது நிற்பதற்கான அறிவிப்பே ஆகும். பாதுகாப்பாக நிறுத்த முடியாத அளவுக்கு, சிக்னலின் நிறுத்தக் கோட்டை நெருங்கிவிட்டவர் மட்டுமே கடந்து செல்லலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 11 மீட்டர் ஓடிவிடும் என்பதால், பிரேக்கில் கால் படுவதற்குள்ளாகவே நாம் ஒரு பேருந்தின் நீளத்தைக் கடந்திருப்போம். ஆகவே, பச்சை வெகுநேரமாக எரிவதாகத் தோன்றினால், அப்போதே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தும்போது வெள்ளைக் கோட்டுக்கு முன்பாகவே நிறுத்துங்கள். பாதசாரிகள் கடப்பதற்கான வரிக்கோடுகளின் மேல் நிற்கும் வண்டியைச் சுற்றிக்கொண்டு, கைக்குழந்தையுடன் ஒரு தாய் சாலையின் நடுப்பகுதிக்கு இறங்கி நடப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

பச்சை விழுந்தாலும், பக்கத்தில் நிற்கும் லாரி பார்வையை மறைத்தால், அது நகரும்வரை காத்திருங்கள். சிவப்பை மீறி வரும் வண்டியோ, கடந்து முடிக்காத முதியவரோ அதன் மறுபுறம் இருக்கக்கூடும்.

இரவில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், வேகத்தைக் குறைத்து இருபுறமும் பார்த்துச் செல்ல வேண்டும். சிவப்பு அவ்வாறு எரிந்தாலோ, எண்கோண வடிவிலான சிவப்பு ‘நில்’ பலகை இருந்தாலோ, சாலை வெறிச்சோடியிருந்தாலும் சக்கரம் முழுவதுமாக நின்ற பிறகே நகர வேண்டும். சிவப்பு விளக்கையோ ‘நில்’ பலகையையோ மீறுவது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே குறிப்பிடப்பட்டுள்ளது.