இரைப்பை கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சவருக்கு நிமோனியா வருதான்னு கூட இருக்கறவங்க எப்படி கவனிக்கிறது

ஆபரேஷன் வயித்துலதானே, நெஞ்சுல ஏன் சளி கட்டுதுன்னு கேப்பாங்க. தையல் போட்ட இடம் உதரவிதானத்துக்கு (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற, மூச்சு விட உதவுற தசை) பக்கத்துலயே இருக்கு, இழுத்து மூச்சு விட்டா வலிக்கும், அதனால மேலோட்டமா விட்டுக்கிட்டு இருமாமலே படுத்திருப்பாங்க, நுரையீரலோட அடிப்பகுதி சுருங்கி சளி தேங்கி அதுல கிருமி வளரும். வயித்துல இருக்கறது மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போயும் வரலாம்.

மொதல்ல உங்க ஆளுக்கு ரிஸ்க் எவ்ளோன்னு பாருங்க. வயசு 70 தாண்டினவங்க, பீடி சிகரெட் பழக்கம், சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டு இருக்கற நுரையீரல் நோய்), சுகர், நல்லா எடை குறைஞ்சவங்க, ரத்தத்துல ஆல்புமின்ங்கற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்கு கீழ உள்ளவங்க, இவங்களுக்கு ஜாஸ்தி. இரைப்பைய முழுசா எடுத்தாலோ ஆபரேஷன் ரொம்ப நேரம் இழுத்தாலோ ரத்தம் ஏத்தியிருந்தாலோ இன்னும் கூடும். வயச ஒண்ணும் பண்ண முடியாது, பீடிய நாலு வாரம் முன்னாடியே நிறுத்த வைக்கலாம். ஆல்புமின் மட்டும் ரெண்டு நாள் முட்டை குடுத்தா ஏறிடாது, அதுக்கு வாரக்கணக்குல ஆகும்.

அடுத்து ரிப்போர்ட். சிஆர்பி, அதாவது உடம்புல அழற்சி எவ்ளோ இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட், ஆபரேஷன் பண்ணாலே எகிறும், பயப்படாதீங்க. ரெண்டாவது மூணாவது நாள் உச்சத்துக்குப் போய்ட்டு அப்புறம் இறங்கணும். நாலாவது நாளும் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேலயே நிக்குதுன்னாலோ, இறங்கினது திரும்ப ஏறுதுன்னாலோ டாக்டர்கிட்ட கேட்டே ஆகணும். யூனிட்ட பாத்துக்கோங்க, சில லேப்ல டெசிலிட்டர் கணக்குல 15னு போட்டிருப்பாங்க, அதுவும் இதே 150தான். இன்னொண்ணு, உள்ள தையல் கசிஞ்சாலும் சிஆர்பி இப்படித்தான் ஏறும், அதனால நிமோனியாவான்னு எக்ஸ்ரேவோ சிடி ஸ்கேனோ எடுத்துத்தான் சொல்வாங்க. புரோகால்சிடோனின் பாக்டீரியா தொற்றுக்கு கொஞ்சம் நெருக்கமான டெஸ்ட், ஆனா அதுவும் ஆபரேஷனாலயே மொத ரெண்டு நாள் ஏறும். ரத்தத்துல வெள்ளையணு எண்ணிக்கை, ஸ்டீராய்டு மருந்து போட்டாலும் கூடும், அத மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

என்னைக் கேட்டா நம்பர விட ஆளப் பாக்கறதுதான் முக்கியம். வயசானவங்களுக்கு காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும், திடீர்னு குழம்பிப் பேசுவாங்க, மூச்சு வாங்கும், விரல்ல மாட்டற மெஷின்ல ஆக்சிஜன் 94க்கு கீழ போகும். அப்போ காலைல ரவுண்ட்ஸ் வரட்டும்னு காத்திருக்காம உடனே நர்ஸ கூப்பிடுங்க.

மூணு பந்து இருக்கற மூச்சுப்பயிற்சி கருவி குடுத்திருப்பாங்க, பாதிப்பேர் அத பலூன் மாதிரி ஊதறாங்க. ஊதக்கூடாது, உறிஞ்சணும். வாயில வெச்சு மெதுவா இழுத்து பந்து மேல நிக்கும்போது ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிட்டு விடணும், முழிச்சிருக்கும்போது மணிக்கு பத்து தடவை. தலைகாணிய தையல் மேல அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருமச் சொல்லுங்க, வலி தாங்கலன்னா வலி மருந்து கேட்டு வாங்கிக் குடுத்துட்டு இருமச் சொல்லுங்க. டாக்டர் சரின்னதும் எழுப்பி நடக்க வைங்க, பல்லு தேய்க்கறத விட்டுடாதீங்க. வீட்டுக்கு வந்தப்புறமும் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட வெச்சு, சாப்பிட்ட உடனே படுக்க விடாம, ராத்திரி தலைப்பக்கம் உயர்த்தியே வைங்க.